பழைய ஸ்டிக்கர் பசையைக் காரின் பெயின்டுக்குக் கேடின்றி நீக்குதல்: ஒரே வண்டியின் நான்கு பரப்புகளை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி வந்த நிலை

பல ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் வேலைக்கு ஓடி, பின்னர் தனியொருவர் கைக்கு மாறிய கருநீலக் கார் ஒன்றின் வெளிப்பரப்பே இந்த ஆய்வின் பொருள். முன்கதவுகள் இரண்டிலும் வினைல் எழுத்துகள் ஒட்டப்பட்டிருந்தன. டிக்கி மூடியின் குறுக்கே ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கு வரை ஒரு வினைல் பட்டை ஓடியது. பின்பம்பரில், நுரை நாடாவால் ஒட்டிய சிறு பெயர்த்தகடு விழுந்துபோய், நாடா மட்டும் கறுத்துக் கெட்டியாகிக் கிடந்தது.

வண்டி எங்களிடம் வருவதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்திருந்தது. உரிமையாளரின் உறவினர் ஒருவர் இரு கதவுகளிலும் ஓரிரு எழுத்துகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, எஞ்சிய பசையை நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டுக்குப் பயன்படும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்திருந்தார். வலக்கதவில் பசை நீங்கியது. நுண்கீறல்கள் விழுந்தன, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. இடக்கதவிலோ பசையோடு பளபளப்பும் போய், துணியில் நீல நிறம் ஏறி, உள்ளங்கை அளவுக்கு ஒரு மங்கல் திட்டு விழுந்துவிட்டது. ஒரே திரவம், ஒரே கை, ஒரே நாள்; விளைவு மட்டும் வேறு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் வண்டியில் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். அந்த முடிவே மீதி வேலை முழுவதையும் வழிநடத்தியது.

முதலில் பெயின்ட், பிறகே பசை

பசை எதில் கரையும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அடியிலுள்ள பெயின்ட் எதைத் தாங்கும் என்று அதற்கு முன்பே கேட்டாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொழிற்சாலையில் கார்த் தகட்டின் மேல் மின்படிவு முறையில் துருத்தடுப்புப் பூச்சு ஏறுகிறது. அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என அடுக்குகள் அமைகின்றன. இவை அனைத்தும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான் இருக்கும்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். 140 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் அடுப்பில் சுடப்படும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்து வலையாகிவிடுகின்றன. அப்படிப் பிணைந்த வலையைக் கரைப்பான் ஊறவைத்துச் சற்றே உப்பச் செய்யலாம், கரைக்க முடியாது.

பட்டறையில் மறுபடி பூசப்பட்ட பெயின்ட் வேறு வகை. கடினமாக்கி கலந்து, 60 முதல் 80 டிகிரி அளவில் முறையாக உலர்த்தப்பட்டிருந்தால் அதுவும் வலையாகப் பிணைந்து நன்றாகவே தாங்கும். ஆனால் நைட்ரோசெல்லுலோஸ் வகைப் பூச்சுக்கு இந்தப் பிணைப்பு வேதிவினை கிடையாது. தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே அது உலர்கிறது. எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அதே தின்னர் பட்டதும் மீண்டும் கரையத் தொடங்கும். இடக்கதவுக்கு நேர்ந்தது இதுதான் என்ற ஐயம் அப்போதே எழுந்தது.

தடிமன் அளக்கும் கருவி அந்த ஐயத்தை வலுப்படுத்தியது. வலக்கதவிலும் டிக்கியிலும் அளவுகள் தொழிற்சாலைப் பூச்சுக்குரிய எல்லைக்குள், இடத்துக்கு இடம் அதிக வேறுபாடின்றி இருந்தன. இடக்கதவில் 250 மைக்ரானைத் தாண்டியதோடு, ஒரு சாண் தள்ளி வைத்தாலே எண் மாறியது. அடியில் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்த கதவு என்பதற்கு இது போதிய அடையாளம். கதவின் ரப்பர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபோது நிறம் ஒரு கோடாக முடிந்ததும், பெயின்ட் தெளித்தபோது சிதறிய நீலத் தூவல் ரப்பரின் மேலேயே படிந்திருந்ததும் தெரிந்தன. கருவி இல்லாதவர்களுக்கு இந்த ஓரச் சோதனை ஒன்றே பெரும்பாலும் போதும். பம்பரில் இந்தக் கருவி பயன்படாது. காந்தத் தூண்டலிலும் சுழல் மின்னோட்டத்திலும் இயங்கும் கருவிகளுக்கு அடியில் உலோகம் வேண்டும்.

இதற்குப் பின் கதவுகளின் உள் ஓரத்தில், கண்ணில் படாத இடங்களில், துணித் துணுக்கில் சிறிதளவு திரவத்தைத் தொட்டுச் சோதித்தோம். இடக்கதவுக்கான முடிவு பலரை வியப்படையச் செய்யும். மென்மையானது என்று எல்லோரும் நம்பும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அதில் லேசான பிசுபிசுப்பை உண்டாக்கியது. கடுமையானது என்று பலர் அஞ்சும் ஒயிட் ஸ்பிரிட் ஒரு மாற்றத்தையும் செய்யவில்லை. இதில் முரண் ஏதுமில்லை. நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பவை கீட்டோன்கள், எஸ்டர்கள் எனப்படும் கரைப்பான் வகைகள். ஆல்கஹால் அவற்றுக்குத் துணைக்கரைப்பானாக வேலை செய்து பூச்சை இளக்கும். ஒயிட் ஸ்பிரிட் போன்ற பெட்ரோலிய வகை ஹைட்ரோகார்பன்களோ அதைக் கரைப்பதில்லை. மென்மையானதில் தொடங்கிக் கடுமையானதற்குப் போக வேண்டும் என்ற பொது விதி நல்ல விதிதான். ஆனால் எது மென்மை என்பதை அடியிலுள்ள பெயின்டே முடிவு செய்கிறது.

பழைய பசை ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது

வினைல் ஸ்டிக்கர் என்பது பி.வி.சி. படலம். அதை வளையச் செய்வது உள்ளே கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்னும் இளக்கி. வெயிலிலும் வெப்பத்திலும் காலப்போக்கில் இந்த இளக்கி படலத்தை விட்டு வெளியேறுகிறது. ஒரு பகுதி பசைக்குள் இறங்கி அதைக் கொழகொழப்பாக்குகிறது. படலமோ சுருங்கி, விறைத்து, தொட்டால் நொறுங்கும் நிலையை அடைகிறது. மலிவான படலங்களில் இது விரைவாக நடக்கும். பசையிலும் வகை உண்டு. ரப்பர் அடிப்படையிலான பசை காற்றிலுள்ள ஆக்சிஜனால் மஞ்சளித்துக் கெட்டியாகும். அக்ரிலிக் பசை முதுமையை நன்றாகத் தாங்கும், ஆனால் அதே காரணத்தால் பிடியையும் எளிதில் விடாது. ரப்பர் பசை ஹைட்ரோகார்பன்களில் கரைந்துவிடும். அக்ரிலிக் பசை அவற்றில் உப்பிக் கூழாகி, துணியால் தள்ளும்போது உருண்டு வரும். எது எந்த வகை என்று பெயரட்டை பார்த்துச் சொல்ல வழியில்லாதபோது, ஒரு மூலையில் ஒயிட் ஸ்பிரிட் வைத்துப் பார்த்தால் பசை கரைகிறதா, கூழாகிறதா என்பதிலேயே விடை கிடைத்துவிடும்.

ஆனால் பெயின்டுக்குப் பெரும்பாலான சேதம் திரவத்தால் வருவதில்லை என்பதை வலக்கதவின் கீறல்கள் காட்டின. ஸ்டிக்கரின் ஓரங்களிலும், படலம் உதிர்ந்து திறந்த இடங்களிலும் பசை தெருப்புழுதியையும் நுண்மணலையும் ஆண்டுக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். அதன்மேல் துணியை அழுத்தித் தேய்ப்பது கிளியர் கோட்டின் மேல் உப்புத்தாள் போடுவதற்குச் சமம். ஆகவே எதையும் தொடுவதற்கு முன் வண்டியை நிறையத் தண்ணீர் விட்டு, கார் ஷாம்பூ கொண்டு கழுவினோம். ஸ்டிக்கர் ஓரங்களை மென்மயிர்த் தூரிகையால் தனியாகச் சுத்தம் செய்து, மறுபடி அலசினோம். அலுப்பூட்டும் வேலைதான். இதைத் தவிர்ப்பவர்கள் பின்னால் பாலிஷ் போடும்போது பல மடங்கு நேரத்தை இழப்பார்கள்.

சூடாக்கி உரித்தல்

பசையை நீக்குவதற்கு மிக நல்ல வழி, அதைப் படலத்தோடு சேர்த்தே எடுத்துவிடுவது. படலம் எவ்வளவு முழுதாக வருகிறதோ அவ்வளவு குறைவாகவே திரவம் தேவைப்படும். இதற்குச் சூடு வேண்டும், ஆனால் அளவான சூடு. வலக்கதவில் ஹேர் டிரையரைத் தொடர்ந்து அசைத்தபடி பிடித்து, பரப்பை 50 முதல் 60 டிகிரிக்குள் வைத்திருந்தோம்; அகச்சிவப்பு வெப்பமானி அருகிலேயே இருந்தது. அது இல்லாத இடத்தில், தகட்டின் மேல் வைத்த கையை ஓரிரு நொடிகளில் எடுத்துவிடத் தோன்றும் நிலையை எல்லையாகக் கொள்ளலாம். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் 500 டிகிரிக்கு மேலான காற்றைக்கூடத் தள்ளும் என்பதால், கை பழகாதவர்கள் அதை எடுக்காமல் இருப்பதே நல்லது.

சூடு குறைந்தால் விறைத்த படலம் துண்டுதுண்டாக உடையும். சூடு மிகுந்தால் பசை தன் உள்வலிமையை இழந்து, பாதி படலத்தோடும் பாதி பெயின்டோடும் கம்பிகம்பியாகப் பிரிந்து நிற்கும். படலம் முழுதாக எழும்பி, அடியில் பெயின்ட் ஏறக்குறைய சுத்தமாகத் தெரியும் ஒரு இடைநிலை இருக்கிறது. அதை முதல் எழுத்தின் மூலையிலேயே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். மூலையை நகத்தாலோ பிளாஸ்டிக் பிளேடாலோ கிளப்பி, வெளிநோக்கி நேராக இழுக்காமல், படலத்தைத் தன்மீதே மடித்து, பரப்பை ஒட்டி மெதுவாக இழுத்தோம். வேகமாக இழுத்தால் பசை திடப்பொருள் போல எதிர்க்கும். மெதுவாக இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். வலக்கதவின் எழுத்துகள் பெரும்பாலும் இப்படியே வந்துவிட்டன.

இடக்கதவில் இதே வேலையை இன்னும் குறைந்த சூட்டில், இன்னும் மெதுவாகச் செய்தோம். மறுபூச்சில் அடுக்குகளுக்கிடையே பிடிப்பு நம்பத்தக்கதாக இருக்காது. பசையின் பிடி பெயின்டின் பிடியைவிட வலுவாக இருந்தால் ஸ்டிக்கரோடு பெயின்டே எழுந்து வரும். ஒரு எழுத்தின் ஓரத்தில் பெயின்ட் லேசாகத் தூக்குவதுபோலத் தெரிந்ததும் அங்கே இழுப்பதை நிறுத்தி, அந்த எழுத்தைப் பின்னால் திரவத்தால் ஊறவைத்து எடுப்பதற்கு ஒதுக்கினோம்.

டிக்கி பட்டை நேர்மாறான சிக்கல். மேல்நோக்கிய பரப்பு என்பதால் நாள் முழுதும் வெயில் வாங்கி, படலம் ஓட்டுச்சில்லுகளாக வெடித்திருந்தது. சூடாக்கியும் நகத்தளவுக்கு மேல் வரவில்லை. சோப்பு நீரை வழுக்கலுக்குத் தெளித்து, பிளாஸ்டிக் பிளேடைத் தாழ்வாகச் சாய்த்துத் தள்ளித்தான் படலத்தை நீக்க முடிந்தது. கண்ணாடிக்குப் பயன்படும் உலோக பிளேடைப் பெயின்டின் மேல் எந்தக் கோணத்திலும் வைக்கக்கூடாது. டிரில்லில் பொருத்தும் ரப்பர் சக்கரம் இத்தகைய பட்டைகளுக்கென்றே உள்ள கருவி. தொழிற்சாலைப் பெயின்ட் உள்ள தட்டையான பகுதியில் சிறிது பயன்படுத்தினோம். உராய்வால் அது விரைவில் சூடேற்றும் என்பதால் ஓரிடத்தில் நிறுத்தக்கூடாது. சக்கரத்துக்குத் தயாரிப்பாளர் குறித்த உச்ச வேகத்தைத் தாண்டக்கூடாது. மூடியின் விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் மெல்லியதாக இருக்கும். அங்கும் இடக்கதவிலும் பம்பரிலும் அதை அறவே தவிர்த்தோம்.

திரவமும் பொறுமையும்

எஞ்சிய பசைக்குத் திரவம் தேவைப்பட்டது. இங்கே ஒரு எச்சரிக்கையை முதலில் சொல்லிவிட வேண்டும்: சூடாக்கும் வேலை முழுதும் முடிந்து, ஹேர் டிரையர் மின்இணைப்பு நீக்கப்பட்டு, தகடு ஆறிய பின்னரே திரவக் குப்பியைத் திறக்க வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரி அளவிலேயே தீப்பற்றக்கூடியது. ஒயிட் ஸ்பிரிட் 40 டிகிரிக்கு அருகில். ஆரஞ்சுத் தோலிலிருந்து கிடைக்கும் லிமோனீன் 50 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக. பலர் கையிலெடுக்கும் பெட்ரோலின் ஆவியோ உறைபனியைவிட மிகக் குளிர்ந்த நிலையிலும் பற்றும். அதில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனும் உண்டு. பெட்ரோலை இந்த வேலைக்குப் பயன்படுத்துவதை எந்த நிலையிலும் நான் ஏற்க மாட்டேன். காற்றோட்டமான நிழலும் நைட்ரைல் கையுறையும் கட்டாயம். லிமோனீன் இயற்கையிலிருந்து வருவது என்பதற்காகக் கையுறையை விட்டுவிடக்கூடாது. காற்றுப்பட்டுப் பழசான லிமோனீன் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

திரவம் பசைக்குள் ஊறிப் பரவ நேரம் வேண்டும். பசையின் தடிமன் இரு மடங்கானால் ஊறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பது பரவலின் பொது இயல்பு. துடைத்துப் பார்த்து, வரவில்லை என்று உடனே அழுத்தித் தேய்ப்பவர்கள், திரவம் செய்ய வேண்டிய வேலையைத் தங்கள் கையால் செய்ய முயல்கிறார்கள். கீறல் அங்கேதான் விழுகிறது. டிக்கியில், ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்த தாள் துணியைப் பசையின் மேல் பரப்பி, ஆவியாகாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தோம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூலையைத் தூக்கிப் பார்த்து, பசை கூழானதும் பிளாஸ்டிக் பிளேடால் மொத்தமாகத் தள்ளி எடுத்தோம். மீந்ததை மைக்ரோஃபைபர் துணியால் வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கித் துடைத்தோம். உள்ளிருந்து வெளியே துடைத்தால் கரைந்த பசை சுத்தமான பரப்பின் மேல் மெல்லிய படலமாகப் பரவிவிடும். ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புது மடிப்பு. மடிப்புகள் தீர்ந்ததும் புதுத் துணி. கடைசி மெல்லிய படலத்துக்கு மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பயன்பட்டது. அது விரைவில் ஆவியாவதால் தடித்த பசைக்கு ஏற்றதன்று. எண்ணெய்ப்பசையை எடுத்து முடிப்பதற்கு ஏற்றது.

டிக்கி பட்டையின் இரு முனைகளும் பின்விளக்குகளைத் தொட்டுக்கொண்டிருந்தன. விளக்கு மூடிகள் அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கால் ஆனவை. பெயின்ட் தாங்கும் பல திரவங்கள் இவற்றில் நுண்வெடிப்புகளை உண்டாக்கும், ஆல்கஹால் அக்ரிலிக்கில் செய்வது உட்பட. ஆகவே விளக்குகளைத் திரவம் புகாத தாளால் மூடி, ஓரங்களை மறைப்பு நாடாவால் அடைத்த பின்னரே அங்கே வேலை செய்தோம்.

இடக்கதவில், சோதனையில் தெரிந்தபடி, ஆல்கஹாலை விலக்கி ஒயிட் ஸ்பிரிட் மட்டும் பயன்படுத்தினோம். மூடிவைத்து ஊறவைக்காமல், குறைந்த அளவில், அடிக்கடி தொட்டுத் தொட்டு எடுத்தோம். ஒதுக்கிவைத்த அந்த எழுத்தின் ஓரத்தில் திரவத்தைச் சிறிது சிறிதாக ஊடுருவ விட்டபோது, பசை பிடியை விட்டு, பெயின்ட் எழாமல் எழுத்து மட்டும் நழுவி வந்தது. துணியில் நீலம் ஏறவில்லை.

பம்பரில் திரவத்தை மிகக் கடைசியாகத்தான் கொண்டுவந்தோம். நுரையின் பெரும்பகுதியைப் பிளாஸ்டிக் பிளேடால் கிடைமட்டமாக அறுத்தெடுத்து, எஞ்சிய பசையைக் கட்டைவிரலால் உருட்ட, அது தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு உருண்டையாகத் திரண்டு பெரும்பாலும் வந்துவிட்டது. தகடு விழாமல் இருந்திருந்தால் அதன் பின்னால் நைலான் நூலை ரம்பம்போல இழுத்து நுரையை அறுத்திருக்கலாம். பம்பரின் பிளாஸ்டிக்கில் பெயின்டின் பிடிப்பே பலவீனமானது. கல்பட்டுப் பெயின்ட் சிதைந்த புள்ளிகள் வழியே திரவம் அடியில் புகுந்தால் அது எழும்பக்கூடும் என்பதால், அத்தகைய புள்ளிகள் இருந்த பகுதியில் துணியை ஈரமாக்கினோமே தவிர, ஊற்றவில்லை.

பசை போன பின் எஞ்சியது

கழுவி உலர்த்தியதும் வலக்கதவில் எழுத்துகள் சாய்ந்த வெளிச்சத்தில் இன்னும் படிக்கும்படி தெரிந்தன. உரிமையாளர் பசை மிச்சமிருப்பதாகவே எண்ணி மறுபடி தேய்க்கக் கேட்டார். மெல்லிய பிளாஸ்டிக் பையை விரலில் மாட்டி வருடினால் மிகச் சிறு திட்டும் உணரப்படும்; அங்கே எதுவும் தட்டுப்படவில்லை. ஸ்டிக்கரால் மூடப்பட்ட பகுதி வெயில் படாமல் பளபளப்பாக இருக்க, சுற்றியுள்ள பகுதி ஆண்டுகளின் வெயிலில் மங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரிவது அந்த வேறுபாடு. இதற்குக் கரைப்பான் எதுவும் தீர்வாகாது. சுற்றியுள்ள மங்கலை நுண்பாலிஷால் குறைப்பதே வழி. அதையும் உடனே செய்யவில்லை. கரைப்பானில் ஊறிய கிளியர் கோட் சற்று இளகியிருக்கும் என்பதால் ஒரு நாள் விட்டே தொடங்கினோம்.

பாலிஷ் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் ஓரிரு மைக்ரானை எடுத்துக்கொள்கிறது. கருவி மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியர் கோட் மட்டும் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்பதைக் காட்டாது. ஆகவே மென்மையான பஞ்சும் நுண்பாலிஷும் கொண்டு தொடங்கி, முன்பு விழுந்த கீறல்கள் பெரும்பாலும் மறைந்து, எழுத்துகள் நேர்ப்பார்வையில் தெரியாமல் போனதும் நிறுத்திவிட்டோம். மிகத் தாழ்ந்த வெளிச்சத்தில் தேடினால் இரண்டு எழுத்துகளின் விளிம்பு இன்னும் தெரியும். அதையும் அழிக்க முயல்வதைவிடக் கிளியர் கோட்டைக் காப்பதே மேல் என்று உரிமையாளரிடம் விளக்கினோம், அவரும் ஏற்றுக்கொண்டார். டிக்கியில் படலத்தின் வெடிப்புகள் வழியே வெயில் பட்ட இடங்கள் மெல்லிய கோடுகளாகப் பதிந்திருந்தன. அவை ஓரளவு குறைந்தன, முற்றிலும் போகவில்லை.

கரைப்பான் பழைய வேக்ஸையும் சேர்த்தே எடுத்துவிடும். அதனால் வலக்கதவு, டிக்கி, பம்பர் மூன்றுக்கும் புது வேக்ஸ் பூசினோம். இடக்கதவின் மங்கல் திட்டைக் கையால் லேசாகப் பாலிஷ் செய்து பார்த்தபோது பஞ்சில் நீலம் ஏறியது. மேலே கிளியர் கோட் இல்லை, நிறப்பூச்சே மேற்பரப்பு என்பது அத்துடன் உறுதியாயிற்று, அங்கேயே நிறுத்தினோம். அந்தக் கதவை அடிவரை சுரண்டி, கடினமாக்கி கலந்த பெயின்டால் மறுபடி பூசுவதே சரி என்று எழுதிக் கொடுத்தோம். அது பட்டறைக்குப் போகும் வரை அதன்மேல் வேக்ஸோ வேறெந்தப் பளபளப்புத் திரவமோ பூச வேண்டாம் என்றும் சேர்த்துக் குறித்தோம். அவற்றில் சிலிகான் இருந்தால், அதன் சுவடு மேலே விழும் புதுப் பெயின்டை விலக்கி, மீன்கண் எனப்படும் வட்டக் குழிகளை உண்டாக்கும்.